எதிர்ச்சாரி மாதா

ஓஸ்வால்ட் வீட்டு வாசலில் மாதா இருந்தவரை அந்த வீட்டுக்கு யாரும் நம்பர் கேட்டதில்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஆட்டோ ஏறி, "ரிச்சர்ட்ஸ் டவுன், மாதா வீடு" என்றால் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். காம்பவுண்டுச் சுவரின் மூலையில், கேட்டுக்கு இடது பக்கம், கருங்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்துக் கட்டிய சின்னக் கெபி. அதற்குள் நீலக் கச்சை கட்டிய லூர்து மாதா, ஒரு கைக்குழந்தை உயரம். ஓஸ்வால்டின் தகப்பனார் வைத்தது. மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூ மாற்றுவது, மழைக்காலத்தில் பாசி துடைப்பது எல்லாம் மருமகளாக வந்த நாளிலிருந்து குளோரியாவின் வேலை.

ஓஸ்வால்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வீட்டில்தான் பிறந்தார். பங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தார். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். யாரோடும் சண்டை போட்டதில்லை. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பாக்கலாம்" என்பார். சொன்ன பிறகு அதைச் செய்தும் கொடுத்துவிடுவார். குளோரியா அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் குரல் ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும். பிள்ளைகள் இல்லை.

வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டின் மறுபக்கம், ஒரு குதிரைத் தொட்டி. நான்கு கல் தூண், மேலே சின்னதாக ஒரு கும்மட்டம், கீழே ஒரே கல்லில் குடைந்த நீளத் தொட்டி. வெள்ளைக்காரன் காலத்தில் ஜட்கா வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடிக்கக் கட்டியது. ஓஸ்வால்டுக்கு நினைவு தெரிந்து அதில் குதிரை குடித்ததில்லை. சின்ன வயதில் அவர் அதற்குள் படுத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம்.

லட்சுமம்மா அந்த வார்டு கார்ப்பரேட்டர். அடுத்த தெருவில் வீடு. அகலமான உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை. தாய்மொழி கன்னடம். அந்தப் பக்கத்துத் தெருக்களில் நாற்பது வருஷம் புழங்கியதில் தமிழ் தானாக வந்திருந்தது. இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எந்தப் பழைய கட்டடத்துக்கும் முன்னால் போய் நின்றுவிடுவார் என்பது அப்போதே ஊருக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போகமாட்டார். பேப்பரில் எழுதமாட்டார். அவர் வழி வேறு. பார்க் ஒன்றில் வெள்ளைக்காரன் காலத்துப் பேண்டு மேடையை இடிக்க இருந்தபோது, அதன் மேல் கொடிக்கம்பம் நட்டு ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிறகு கொடிமேடையை எவன் இடிப்பான்? பழைய மார்க்கெட்டின் வாசல் வளைவை எடுக்க வந்தபோது, விடிவதற்குள் அதன் அடியில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அருகம்புல் மாலையோடு.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. தமிழ் பேசுகிற வீடுகள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்து வீட்டு உத்தமன் குடியாத்தத்திலிருந்து வந்து இரும்புக் கடை வைத்திருந்தவர். பெண்டாட்டி பிள்ளைகளை ஓஸ்வால்ட் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்று சாயங்காலம் லட்சுமம்மா வந்தார். பின்னால் ஒருவன் அவருடைய பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாதாவுக்குப் பக்கத்தில், கேட்டை அடைத்தாற்போல் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

கும்பல் வந்தது. உள்ளேயிருந்து ஓஸ்வால்டுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. லட்சுமம்மா எழுந்திருக்கவில்லை. முன்னால் நின்றவனிடம் கன்னடத்தில், உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றே, இப்போது பார்வை எப்படி என்று கேட்டார். அடுத்தவனிடம் அவன் அண்ணன் கல்யாணம் பற்றிக் கேட்டார். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணத்தைப் பற்றிப் பேச முடியவில்லை போலிருக்கிறது. போய்விட்டார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகும்போது குளோரியாவிடம், "காபி சுமாரு. டிகாக்‌ஷன் ஜாஸ்தி போடணும்" என்றார். நாற்காலியை எடுக்க ஆள் வந்தபோது, "பேடா, இங்கயே இருக்கட்டும். மறுபடி வேணும்னா?" என்று விட்டுவிட்டார். குளோரியா அதை வராந்தாவில் ஏற்றிப் போட்டாள். நாற்காலி அங்கேயே இருந்தது.

அடுத்த வருஷம் அந்த ரோட்டை அகலப்படுத்துவதாகப் பேச்சு வந்தது. குதிரைத் தொட்டியை எடுப்பது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டாம் நாள் லட்சுமம்மா ஓஸ்வால்ட் வீட்டு வராந்தாவில் இருந்தார்.

"நோடு ஓஸ்வால்டு, ஆபீசர் கேக்கறான், குதிரையே இல்லாத ஊருல குதிரைத் தொட்டி எதுக்குன்னு. சரித்திரம்னேன். சிரிக்கறான்."

"ஆமாங்க மேடம்."

"சரித்திரத்துக்கு எவனும் பயப்படமாட்டான். சாமிக்குத்தான் பயப்படுவான். பிள்ளையார வெக்கலாம்னு பாத்தா, இது உங்க கோவில் தேர் வர்ற ரோடு. தகராறு ஆயிடும். உங்க மாதாவ ஸ்வல்ப நாள் ரோடு தாண்டி அனுப்பு. தொட்டி தப்பிச்சதும் நானே என் கையால திருப்பிக் கொண்டாந்து வெக்கறேன்."

குளோரியா உள்ளேயிருந்து வந்தாள். "மாதா என்ன, பக்கத்து வீட்டுக்குக் காபிப்பொடி கைமாத்து வாங்கவா போறா, போய்ட்டு வர்றதுக்கு?"

லட்சுமம்மா வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். "உன் பொண்டாட்டிய கார்ப்பரேஷன் எலெக்‌ஷன்ல நிறுத்தலாம் ஓஸ்வால்டு. நான் தோத்துடுவேன்."

"பாக்கலாம் மேடம்" என்றார் ஓஸ்வால்ட். எதற்குச் சொன்னார் என்று அவருக்கே தெளிவில்லை.

லட்சுமம்மா போன பிறகு குளோரியா அவர் முன்னால் வந்து நின்றாள். "வேண்டாங்க. வாசல்ல இருக்கறவள எடுத்துக் குடுக்கக்கூடாது."

"அந்தம்மா ரெண்டு நாள் நம்ம வாசல்ல உக்காந்தாங்களே, குளோரி."

"உக்காந்தாங்க. இல்லேங்கல. அதுக்கு நாம வாசலையே குடுக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓஸ்வால்ட் நாலு பேரோடு வந்து மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். குளோரியா கூட வரவில்லை. வெறும் கெபியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் மாதா திருநாள் தேர், முதல் தடவையாகக் குதிரைத் தொட்டி முன்னால் நின்றது. லட்சுமம்மா ஃபாதரிடம் பேசி வைத்திருந்தார். தேர் நின்றால் கூட்டம் நிற்கும். கூட்டம் நின்றால் மெழுகுவர்த்தி. யாரோ தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினார்கள். யாரோ அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைக் குடித்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றது என்று பேச்சு கிளம்பியது. உத்தமன் சம்சாரம் செவ்வாய்க்கிழமைதோறும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கடப்பாரை ஆட்களோடு வந்த ஆபீசர் மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். திரும்பிப் போனார்.

லட்சுமம்மா அதோடு விடவில்லை. அடுத்து ஒரு வருஷம் மேயராக இருந்தபோது கவுன்சிலில் தீர்மானம் போட்டார். குதிரைத் தொட்டியும் அதைச் சுற்றிய இடமும் நகரத்தின் புராதனச் சின்னம். ரோடு எப்படிப் போனாலும் அந்தப் பக்கம் ஒரு கல்லைக்கூட அசைக்கக்கூடாது. இதைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அன்றைக்கு வராந்தாவில் காபி குடிக்கும்போது ஓஸ்வால்ட் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், மாதாவ..."

"இப்ப எடுத்தா கேள்வி வரும் ஓஸ்வால்டு. சாமி இருக்குன்னுதானே தீர்மானமே. ஒரு வருஷம் போகட்டும்."

"பாக்கலாம் மேடம்."

வருஷம் போனது. லட்சுமம்மாவுக்கு வேறு வேறு கட்டடங்கள் வந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றார். ஓஸ்வால்ட் வீட்டுக் கெபியில் ஒரு பூனை குட்டி போட்டது. குளோரியா அதைத் துரத்தவில்லை. ஆட்டோக்காரர்கள் வீட்டு நம்பர் கேட்க ஆரம்பித்தார்கள். மாதா என்றால் அவர்கள் ரோட்டின் மறுபக்கம் நிறுத்தினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் லட்சுமம்மா இறந்துபோனார். ஊர்வலம் அவர் காப்பாற்றிய இடங்களிலெல்லாம் நின்று நின்று போனது. குதிரைத் தொட்டியிலும் நின்றது. ஓஸ்வால்ட் ஒரு மாலை வாங்கிப் போட்டார். திருப்பித் தருவதாகச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் அதை நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

குளோரியாவுக்குச் சர்க்கரை இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு கண்ணில் இறங்கியது. முதலில் ஓரங்கள் போயின, அப்புறம் நடு. ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் அவள் குருடி இல்லை. இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வருவாள். ஹாலிலிருந்து முன்னறை, முன்னறையிலிருந்து வராந்தா. வராந்தாவில் லட்சுமம்மாவின் பிரம்பு நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்வாள். ரோட்டில் போகிறவர்களைக் காலடிச் சத்தத்திலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கோவிலுக்குப் போகும்போது மட்டும் ஓஸ்வால்டின் தோளைப் பிடித்துக்கொண்டு அடிக்கொரு தரம், "பள்ளமா? படியா?" என்று கேட்பாள். வீட்டுக் கேட்டைத் தொட்டதும் தோளை விட்டுவிடுவாள்.

ஒரு தடவை விவேக் நகரில் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். இரண்டாம் நாள் காலையில் அவர் பால் வாங்கிவிட்டுத் திரும்பியபோது, குளோரியா கட்டிலில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்திருந்தது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, யாரையும் கூப்பிட வெட்கமாக இருந்தது என்றாள். அன்றைக்கே திரும்பி வந்தார்கள். வீட்டுக்குள் வந்து சுவரில் கை வைத்த பிறகு, "இனிமே என்னை எங்கயும் கொண்டுபோகாதீங்க" என்றாள்.

"போகமாட்டோம்" என்றார் ஓஸ்வால்ட். பாக்கலாம் என்று சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் சிவப்பு பெயிண்ட் வந்தது.

ரோட்டில் கம்பெனி கார்கள் பெருகியிருந்தன. காலையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது பெரிய காரியமாகிவிட்டது. டேப் பிடித்து அளந்துகொண்டு ஹரிஷ் என்ற பையன் வந்தான். ஓசூர்க்காரன். கான்ட்ராக்ட் கம்பெனியில் சர்வே இன்ஜினீயர். கேட்டுக்குள் வந்து, வராந்தாவைத் தாண்டி, முன்னறையின் பக்கச் சுவரில் ஒரு அம்புக்குறி போட்டான். ஹாலின் சுவரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது அது.

"இதுவரைக்கும் சார்."

"இதுவரைக்கும்னா?"

"இதுவரைக்கும் போகும். வராந்தா, ஃப்ரன்ட் ரூம். பின்னாடி உங்களுக்கு ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் நிக்கும். பயப்படாதீங்க."

"ரோடு அகலம் பண்ணனும்னா ரெண்டு பக்கமும்தானே எடுப்பாங்க, தம்பி?"

ஹரிஷ் எதிரே காட்டினான். "அந்தப் பக்கம் ஹெரிடேஜ் சார். ஒரு கல்லக்கூடத் தொட முடியாது. அதனால முழு அகலமும் இந்தப் பக்கம் வருது."

ஓஸ்வால்ட் ரோட்டைப் பார்த்தார். குதிரைத் தொட்டிக்கு இப்போது டைல்ஸ் பதித்திருந்தார்கள். கண்ணாடிக் கூண்டு, ட்யூப்லைட், உண்டியல். இடத்துக்குப் பதிலாக என்ன தருவார்கள் என்று கேட்டார். வேறு எங்காவது விதிக்கு மேல் ஒரு மாடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமை தருவார்கள் என்றான் ஹரிஷ். வேறு எங்கே என்று ஓஸ்வால்ட் கேட்கவில்லை.

உத்தமன் தன் சுவருக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சுவரில் ஒரு மாடம், மாடத்தில் பிள்ளையார். சிவப்புக் கோடு நேராக வந்து பிள்ளையாருக்கு முன்னால் தயங்கி, வளைந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"பாத்தியாபா? எங்காளு அசையல. உங்காளத்தான் நீயே தூக்கினு போய் எதிர் பார்ட்டிக்குக் குடுத்துட்டியே!"

சொன்ன பிறகு அவருக்கே பாவமாகப் போயிற்று போல. "சும்மா சொன்னேன்பா. பொம்பளை கண்ணு தெரியாம கீறா. ஆபீஸ்ல போய்ப் பேசலாம் வா" என்றார்.

ஓஸ்வால்ட் ஹரிஷைப் பார்த்தார். "தம்பி, நம்ம கேட்லயும் ஒரு மாதா இருந்தாங்க. இருந்திருந்தா?"

"இருந்திருந்தா நாங்களே பென்டு குடுத்திருப்போம் சார். யாரு சார் சாமியத் தொடுவா?"

ஆபீஸில் பேசினார்கள். ஒவ்வொரு மேசையிலும் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். லட்சுமம்மா பேரைச் சொன்னதும் எல்லார் முகமும் மலர்ந்தது. "அவங்க இல்லேன்னா இந்த ஊர்ல பழசுன்னு ஒண்ணு மிஞ்சியிருக்குமா?" என்றார் ஒருவர். "உங்க வீடும் பழசுதான். ஆனா அது அந்தம்மா தீர்மானத்துல இல்லையே." ஓஸ்வால்ட் தலையாட்டினார். வீட்டை யாரும் இடிக்க வராத காலத்தில் அதைக் காப்பாற்ற லட்சுமம்மாவுக்கு ஏன் தோன்றியிருக்கப் போகிறது?

குதிரைத் தொட்டிக்குக் கெபிக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. தலைவர் கிளிஃபர்ட். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். குளோரியாவிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர். ஓஸ்வால்ட் கடைக்குப் போய், மாதாவைத் திருப்பிக் கேட்டார்.

கிளிஃபர்ட் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். "என்ன அங்கிள் இப்டிக் கேக்கறீங்க? அவங்க இப்ப ஊரு மாதா. செவ்வாய்க்கிழமை எவ்ளோ சனம் வருது தெரியுமா? எடுத்தோம்னா என் கடைய அடிச்சு நொறுக்கிடுவாங்க."

"எங்கப்பா வெச்சது, கிளிஃபர்ட்."

"அந்தச் சுரூபமா? அது அப்பவே மாத்தியாச்சே அங்கிள். இப்ப இருக்கறது வேளாங்கண்ணில செஞ்சு வந்தது. ஆளுயரம். நீங்க கவனிக்கலையா?"

ஓஸ்வால்ட் கவனிக்கவில்லை. தினமும் ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கும்பிட்டிருக்கிறார்.

பழையது கோவில் பின்னறையில் கிடைத்தது. குருத்தோலைக் கட்டுகளுக்கும் உடைந்த மெழுகுவர்த்தித் தண்டுக்கும் நடுவில். இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். குளோரியா மடியில் வாங்கி முகத்தைத் தடவிப் பார்த்தாள். மூக்கில் அவள் ஒரு காலத்தில் ஒட்டவைத்த சின்ன உடைவு இருந்தது.

"இவதான்" என்றாள். "கையை என்ன பண்ணாங்க?"

கெபியைக் கழுவி, சுரூபத்தை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார். மறுநாள் ஹரிஷ் வந்து பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான்.

"சார், தப்பா நினைக்காதீங்க" என்றான் ஹரிஷ். "சர்வேல இது இல்ல. போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. நோட்டீஸுக்கு அப்புறம் வெச்ச சாமி கணக்குல வராது சார். புது ரூல்."

"நோட்டீஸுக்கு அப்புறம் வெச்சா சாமி இல்லையா?"

"எனக்குச் சாமிதான் சார். ஆபீஸுக்கு இல்ல."

அந்தச் சொல் ஓஸ்வால்டை விடவில்லை. எதிரே இருப்பதும் நோட்டீஸுக்கு அப்புறம் வைத்ததுதான். அது தெரிந்தவர்களில் லட்சுமம்மா இப்போது உயிரோடு இல்லை, அந்த ஃபாதர் மாற்றலாகிப் போய் எங்கோ இறந்துவிட்டார். சுரூபத்தைத் தூக்கியவர்களுக்கு நோட்டீஸ் பற்றியெல்லாம் நினைவிருக்காது. தான் வாயைத் திறந்தால்? தீர்மானம் நிற்காது என்று யாராவது சொல்லக்கூடும். கோடு நடுவுக்கு நகரலாம். தொட்டிக்குப் பின்னால் வெறும் மைதானச் சுவர்தான். வராந்தா போனாலும் முன்னறை தப்பலாம். பிரம்பு நாற்காலியை முன்னறை ஜன்னலடியில் போட்டுக்கொள்ளலாம். குளோரியா பழகிக்கொள்வாள். ஆனால் தொட்டி போகும். லட்சுமம்மா காப்பாற்றியதெல்லாம் ஏமாற்று என்று ஆகும். இரண்டு நாளும் கேட்டில் தெரிந்த அந்த அகலமான முதுகு அவருக்கு நினைவு வந்தது.

குளோரியாவிடம் சொன்னார். அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்தம்மாவே இருந்தா நம்ம வீட்டுக்கு முன்னால நாற்காலி போட்டிருப்பாங்க. போய்ச் சொல்லுங்க."

சொல்ல வழி தானாக வந்தது. லட்சுமம்மாவின் பிறந்தநாளை நினைவு மன்றத்தார் அந்த வருஷம் குதிரைத் தொட்டியில் கொண்டாடினார்கள். கெபிக் கமிட்டியும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் உடன் நின்றவர் என்று ஓஸ்வால்டுக்கு மரியாதை செய்வதாகக் கிளிஃபர்ட் வந்து சொன்னார். அதே காலையில்தான் முன்பக்கத்தை எடுக்கவும் தேதி கொடுத்திருந்தார்கள். வராந்தாவிலும் முன்னறையிலும் இருந்த சாமான்களை உத்தமனும் கடைப் பையன்களும் பின்னால் மாற்றியாகிவிட்டது. பிரம்பு நாற்காலியை மட்டும் குளோரியா எடுக்க விடவில்லை. மாதாவை அவள் கட்டிலருகே வைத்துக்கொண்டாள்.

பந்தல் போட்டிருந்தார்கள். லட்சுமம்மா படத்துக்கு ரோஜா மாலை. தொன்னையில் கேசரிபாத். ஓஸ்வால்டுக்குச் சால்வை போர்த்தி, கையில் பழத்தட்டு கொடுத்து, தலையில் மைசூர்ப் பேட்டாவை வைத்தார்கள். ஜரிகை போட்ட அந்தத் தலைப்பாகை அவருக்குக் கொஞ்சம் பெரிது. காது வரை இறங்கியது. எதிரே உத்தமன் வீட்டு முனையில் மஞ்சள் நிறத்தில் ஜேசிபி நின்றது. அதன் டிரைவரும் கேசரிபாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வராந்தாவில் குளோரியா மைக் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

கிளிஃபர்ட் மைக்கைக் கொடுத்தார். ஓஸ்வால்ட் அதற்கு முன் மைக்கில் பேசியதில்லை.

"மாதா இங்க இருந்தவங்க இல்ல" என்றார். "அதோ, அந்த வீட்டுக் கேட்ல இருந்தாங்க. தொட்டிய இடிக்கப்போறாங்கன்னு நோட்டீஸ் வந்த பிறகுதான் மேடம் வந்து கேட்டாங்க. நான் எடுத்துக் குடுத்தேன். நோட்டீசுக்கு அப்புறம் வெச்சது இது. இங்க எந்தச் சாமியும் இல்ல அதுக்கு முந்தி. மேடமும் நானும் சேர்ந்து பண்ணது."

முன்வரிசையில் யாரோ கைதட்டினார். பந்தலே தட்டியது. மேடையில் இருந்த பெரிய அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம், எப்பேர்ப்பட்ட மூளை அந்தம்மாவுக்கு என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ஒரு கிழவி கும்பிட்டாள்.

"நான் அதுக்குச் சொல்லல" என்றார் ஓஸ்வால்ட். "இப்ப அந்தப் பக்கம் என் வீடு..."

கிளிஃபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா? வீட்டுச் சாமியையே ஊருக்குக் குடுத்தவரு! இன்னிக்கு ரோட்டுக்காக வீட்டையும் குடுக்கறாரு! இவங்க மாதிரி ஆளுங்க இருந்ததாலதான் லட்சுமம்மா இருந்தாங்க!"

மறுபடியும் கைதட்டல். அதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதை எழுதி இங்கேயே ஒரு கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று மன்றத்தாரிடம் சொன்னார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஓஸ்வால்ட் ரோட்டைக் கடந்தபோது இரண்டு பக்கமும் கார்கள் நின்று வழிவிட்டன. தலைப்பாகைக்காக இருக்கும். ஹரிஷ் கேட்டில் காத்திருந்தான்.

"ஸ்பீச் நல்லா இருந்துச்சு சார். நீங்க முடிக்கட்டும்னுதான் வெயிட் பண்ணோம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னும் லேட் ஆனா என்னைக் கேப்பாங்க."

ஓஸ்வால்ட் படியேறினார். குளோரியா கையை நீட்டினாள். சால்வையைத் தடவினாள், மேலே போய்ப் பேட்டாவைத் தொட்டாள்.

"என்னங்க இது தலையில?"

"குடுத்தாங்க."

"ராஜா மாதிரி இருக்கீங்களா?"

"பெருசா இருக்கு. நிக்கல."

அவள் அதைச் சரிசெய்து அழுத்தி வைத்தாள். "சொல்லிட்டீங்க. கேட்டேன். நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். "கை வேற தட்டினாங்க."

எழுந்தாள். அவர் தோளைக் கொடுத்தார். விடுங்க, எனக்குத் தெரியும் என்று தட்டிவிட்டு, சுவரில் கையை வைத்து முன்னறை, ஹால் என்று நடந்து உள்ளே போனாள். அவர் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். உத்தமன் வந்து ஹால் கதவைச் சாத்தினார்.

சத்தம் மத்தியானம் வரை இருந்தது. குளோரியா கட்டிலில் மாதாவை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு சத்தம் நின்றது. தூசி அடங்க நேரமாயிற்று. ஓஸ்வால்ட் கதவைத் திறந்தபோது ரோடு ஹாலுக்குள் வந்திருந்தது. எதிரே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுயர மாதா கண்ணாடிக்குள் இருந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே ட்யூப்லைட் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் குளோரியா எழுந்த சத்தம் கேட்டது. வழக்கமாக அவள் வராந்தாவுக்கு வரும் நேரம். இடது கை சுவரை உரசும் ஓசை படுக்கையறையிலிருந்து கிளம்பி ஹாலுக்குள் வந்தது. அவள் நிதானமாகத்தான் வந்தாள். எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சொல்ல வேண்டும் என்று ஓஸ்வால்ட் வாயைத் திறந்தார்.

பிரம்பு நாற்காலியை இழுத்து, சுவர் முடிகிற இடத்தை அடைத்தாற்போல் போட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.